வாடகை வருது, சரி. கணக்கு எங்கே?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் வாடகைக்கு விட்ட வீடோ கடையோ வைத்திருப்பவர்களிடம் "அந்த இடம் உங்களுக்கு என்ன தருது?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும்: "மாசம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி." அவர்கள் சொன்னது வாடகை. கடன் தவணை, பராமரிப்புக் கட்டணம், வரி, பழுது, காலியாகக் கிடந்த மாதம் எல்லாம் போன பிறகு அந்த இடம் என்ன தருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். கேட்டவரைச் சிலர் கோபமாகவும் பார்ப்பார்கள்.

இந்த வட்டாரத்தில் சின்னக் கடைகளுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையில் அடைத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். உழைத்துச் சம்பாதித்து, சீட்டுப் போட்டு, நகையை அடகு வைத்து வீடு வாங்கியவர்கள். அந்த உழைப்புக்கு ஏற்ற கணக்கு அவர்களிடம் இல்லையே என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் இடத்தைப் பற்றி. செலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களைத் தெரியாதவர் இங்கே இருக்க முடியாது. கீழே கடை, மேலே வீடு. துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைப் பக்கம் போனால் பழைய கடைவீடுகள். ஒரே கடையின் தரைத்தளத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பக்கம் தூடோங் முக்காடு, ஒரு பக்கம் கைத்தொலைபேசி உறை, ஓரத்தில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் என்று விட்டிருப்பார்கள். வாடகையை ஒருவர் வங்கி வழியாகப் போடுவார், ஒருவர் கையில் ரொக்கமாகத் தருவார், இன்னொருவர் பாதியை இன்று தந்து மீதியை நோன்புப் பெருநாள் வியாபாரம் முடிந்து தருகிறேன் என்பார். ஒரு முகவரியில் மூன்று வாடகைக்காரர், மூன்று பழக்கம். இதை மனக்கணக்கில் வைத்திருக்க யாராலும் முடியாது.

இங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் லெபோ அம்பாங். நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு. வட்டிக்கடை முகவர்கள் மூன்று வருடத் தவணையில் செட்டிநாட்டிலிருந்து வந்து, பெட்டியடியில் உட்கார்ந்து, குறிப்பேடும் பேரேடும் எழுதி, ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பிய தெரு அது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் போனபோது தோட்டங்களும் கடைவீடுகளும் நகரத்தார்கள் கைக்கு வந்தன. கடல் கடந்து இருக்கும் முதலாளிக்கு ஒவ்வொரு சொத்தும் என்ன ஈட்டியது, யார் எவ்வளவு பாக்கி என்று தெரிந்தது அந்தப் பேரேட்டினால்தான். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கணக்கு. இன்று கணினியில் இரட்டைப் பதிவு மென்பொருளைத் திறந்தால் அதே அடிப்படைதான் இருக்கிறது. நம் ஆட்கள் இதைக் கண்டு பயப்பட ஒரு காரணமும் இல்லை.

அந்தப் பழைய கடைவீடுகளில் பலவற்றின் வாடகை நெடுங்காலம் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்குப் பொருந்தியது. 1997 செப்டம்பரில் அதை நீக்கி, 1999 கடைசி வரை இடைக்காலம் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் வாடகை சந்தை விலைக்கு வந்தது. வாடகை சொற்பமாக இருந்த காலத்தில் கணக்கு எழுதாமல் விட்ட குடும்பங்கள் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. வாடகை பல மடங்கு ஏறிவிட்டது, நோட்டுப் புத்தகம் மட்டும் வரவே இல்லை.

சரி, எந்த மென்பொருள்? குவிக்கன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1983இல் தொடங்கிய அமெரிக்க மென்பொருள். வாடகை வீட்டுக்கென்றே அதில் ஒரு பதிப்பு உண்டு. நல்ல சரக்குதான், ஆனால் அதன் வரி அறிக்கை அமெரிக்காவின் ஷெட்யூல் ஈ படிவத்துக்காகச் செய்தது, வங்கி இணைப்பும் அந்தப் பக்கத்து வங்கிகளுக்கானது. நமக்கு அது இரண்டும் பயன்படாது. நான் பரிந்துரைப்பது க்னூகேஷ். இலவசம், கட்டற்ற மென்பொருள், 1998 முதல் இருக்கிறது, உங்கள் கணினியிலேயே ஓடும், கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். எக்செல் வேண்டாமா என்று கேட்பீர்கள். ஒரே வீடு, கடன் இல்லை, ஒரே வாடகைக்காரர் என்றால் எக்செல் தாராளமாகப் போதும். வீடு இரண்டானாலோ, கடன் இருந்தாலோ, அண்ணன் தம்பிக்குப் பங்கு இருந்தாலோ எக்செல் தடுமாறும். ஒரு கட்டத்தில் தவறான எண் போட்டால் அது உங்களிடம் சொல்லாது. இரட்டைப் பதிவில் இரண்டு பக்கமும் சமமாகாவிட்டால் மென்பொருள் அந்த வித்தியாசத்தைத் தனிக் கணக்கில் வைத்துக் கண் முன்னே காட்டும்.

க்னூகேஷில் ஐந்து வகைக் கணக்குதான்: சொத்து, கடன், முதல், வருமானம், செலவு. ஒவ்வொரு இடத்துக்கும் வருமானத்தின் கீழ் ஒரு கிளை, செலவின் கீழ் ஒரு கிளை திறந்துகொள்ளுங்கள். "மேன்ஷன் வீடு", "பிரிக்பீல்ட்ஸ் கொண்டோ", "கிள்ளான் கடை" என்று நீங்கள் வீட்டில் பேசும் பெயரையே வையுங்கள்.

இப்போது டெபாசிட். இங்கேதான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். வாடகைக்காரர் உள்ளே வரும்போது இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டியே என்று வாங்குவது நம் ஊர் வழக்கம். வாடகை 1,800 என்றால் முதல் நாளே 6,300 வெள்ளி கைக்கு வரும். அதில் வாடகை 1,800 மட்டுமே. மீதி 4,500 அவருடைய பணம், உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கடன் வகையில் "வாடகைக்காரர் டெபாசிட்" என்று தனிக் கணக்கில் போடுங்கள். வருமானத்தில் சேர்த்தால் இந்த வருடம் லாபம் பொய்யாக ஏறும், அவர் காலி செய்யும் வருடம் பொய்யாக இறங்கும். அதைவிடப் பெரிய வேதனை, அந்தப் பணம் செலவாகிப் போயிருக்கும். காலி செய்து போகிற குடும்பம் மூன்று மாதம் டெபாசிட்டுக்காக அலைவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. அது அடுத்தவர் பணம் என்று எழுதிக் காட்ட அவரிடம் ஒரு கணக்கு இல்லை.

அடுத்தது வங்கித் தவணை. இதை ஒரு எடுத்துக்காட்டில் பார்த்தால்தான் புரியும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோ என்று வைத்துக்கொள்வோம். வாடகை 1,800. வருடத்தில் ஒரு மாதம் காலி, ஆக வரவு 19,800. வங்கித் தவணை மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. பராமரிப்புக் கட்டணம் 3,000. மாநகராட்சியான டிபிகேஎல்லுக்குக் கட்டும் சுக்காய் பிந்து (மதிப்பீட்டு வரி) இரண்டு அரையாண்டும் சேர்த்து 600. நில அலுவலகத்துக்கு 80. குழாய், பெயின்ட் வேலை 1,200. கூட்டினால் செலவு 22,880. கையிலிருந்து 3,080 வெள்ளி போயிருக்கிறது. வீட்டுக்காரர் சொல்வார்: "நட்டம்தான் தம்பி, வரி எதுக்கு?"

தவணையை உடைத்துப் பாருங்கள். 18,000இல் வட்டி 10,800, முதல் 7,200 என்றால், செலவு என்று வரி இலாகா ஏற்பது வட்டியை மட்டும். முதலைக் கட்டுவது செலவு ஆகாது, உங்கள் கடன் குறைகிறது, வீட்டில் உங்கள் பங்கு கூடுகிறது. ஆக வரிக் கணக்கில் செலவு 15,680, லாபம் 4,120. கையில் 3,080 குறைவு, கணக்கில் 4,120 லாபம். இரண்டுமே உண்மை. இடையில் உள்ள 7,200 வெள்ளி கடனில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் இந்த வீட்டை விற்கலாமா, வைத்திருக்கலாமா, இன்னொன்று வாங்கலாமா என்று முடிவெடுப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. க்னூகேஷில் தவணை கட்டும் பதிவை ஒரே பதிவாகப் போட்டு உள்ளே இரண்டாகப் பிரிக்கலாம்: இவ்வளவு வட்டி, செலவுக்கு, இவ்வளவு முதல், கடனைக் குறைக்க. மாதா மாதம் சரியான பிரிவு தெரியாவிட்டால், வங்கி தரும் ஆண்டு அறிக்கையைப் பார்த்து வருடக் கடைசியில் திருத்திக்கொள்ளலாம். இஸ்லாமிய முறைக் கடன் என்றால் வட்டியின் இடத்தில் வங்கியின் லாபத் தொகை. பதிவு செய்யும் முறை அதேதான்.

வரி விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணமாக வீடு வாடகைக்கு விடுவது 1967 வருமான வரிச் சட்டத்தின் 4(டி) பிரிவில் வரும். சுத்தம், காவல், பராமரிப்பு என்று விரிவான சேவையோடு தொழிலாகவே நடத்தினால் 4(ஏ). 4(டி)யில் செலவு வரவைத் தாண்டினால், அந்த மிச்சத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது, அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகவும் முடியாது. அதனால் பெரிய பழுது வேலையை எந்த வருடம் செய்வது என்பதற்குக்கூடக் கணக்கு வேண்டும். முதல் வாடகைக்காரரைப் பிடிக்க ஆன விளம்பரம், ஏஜெண்ட் கமிஷன், வழக்கறிஞர் கட்டணம் கழிக்க முடியாது. அதே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ, அவர் போன பிறகு வேறு ஆளை வைக்கவோ ஆகும் செலவைக் கழிக்கலாம். க்னூகேஷில் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு திறந்துவிட்டால் வருடக் கடைசியில் யோசிக்க வேண்டியதில்லை. நம் வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. மென்பொருளில் அந்தத் தேதிகளைக் கொடுத்து வரவு செலவு அறிக்கை எடுத்தால், ஏப்ரல் மாதப் பிஇ படிவத்துக்குத் தேவையானது ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

பழுது பார்ப்பதும் புதிதாகச் சேர்ப்பதும் வேறு வேறு. ஒழுகும் குழாயை மாற்றினால் அந்த வருடச் செலவு. சமையலறையை இடித்துப் பெரிதாக்கினால் மூலதனம். வாடகை வரியில் அதைக் கழிக்க முடியாது என்று அந்த ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாங்கிய ஐந்து வருடத்துக்குள் வீட்டை விற்றால் சொத்து லாப வரி உண்டு: குடிமக்களுக்கு முதல் மூன்று வருடத்தில் 30 விழுக்காடு, நான்காவது வருடம் 20, ஐந்தாவது வருடம் 15. 2022 முதல் ஆறாவது வருடத்திலிருந்து இல்லை. வீட்டின் மதிப்பைக் கூட்டிய செலவை அந்த லாபத்தில் கழித்துக் காட்டலாம், ரசீது கையில் இருந்தால். மென்பொருளில் இதை "வீடு" என்ற சொத்துக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

இனி என் மனதுக்கு நெருக்கமான விஷயம். மஸ்ஜித் இந்தியாவின் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் வாப்பா விட்டுப்போன கடை ஒன்று இருக்கும், பிள்ளைகள் எல்லாருக்கும் அதில் பங்கு. மூத்தவர் வாடகை வாங்குவார். மற்றவர்களுக்கு அவர் தருவதுதான் கணக்கு. யாரும் கேட்க மாட்டார்கள், மரியாதை. பத்து வருடம் கழித்து ஒரு நாள் கேட்பார்கள், அன்றைக்குக் குடும்பம் உடையும்.

ஃபராயித் என்னும் இஸ்லாமியப் பங்கீட்டு முறையில் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள் என்று வைத்துக்கொள்வோம், இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒவ்வொரு பங்கு. 32 பங்காகப் பிரித்தால் தாய்க்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஏழேழு. நிகர வாடகை 3,200 வெள்ளி என்றால் 400, 1,400, 700, 700. இது எல்லாருக்கும் மனதில் தெரியும். சிக்கல் எங்கே வருகிறது? கிள்ளானில் இருக்கும் இளைய மகள் கூரை ஒழுகுகிறது என்று தன் கையிலிருந்து 2,080 வெள்ளி கொடுத்துச் செய்திருப்பாள். "பரவாயில்லம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்பாள். அந்த அப்புறம் வரவே வராது.

மென்பொருளில் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு கணக்கு திறந்துவிடுங்கள். கூரை வேலை கடைச் செலவில் 2,080, எதிர்ப்பக்கம் இளைய மகளின் கணக்கில் வரவு 2,080. அந்த மாதம் பிரிக்க இருப்பது 1,120. தாய்க்கு 140, அண்ணனுக்கு 490, அக்காவுக்கு 245, இளையவளுக்கு அவள் பங்கு 245உம் அவள் போட்ட 2,080உம் சேர்த்து 2,325. மொத்தம் அதே 3,200. மாதம் ஒருமுறை இந்த அறிக்கையைப் பிடிஎஃப்பாக எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். "என்னண்ணே, நம்பிக்கை இல்லையா?" என்று மூத்தவர் வருத்தப்படலாம். "உங்க நல்ல பேரைக் காப்பாத்தத்தாண்ணே" என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை. இந்துக் குடும்பங்களுக்கும் இதே முறைதான், பங்கு மட்டும் வேறு: உயில் இல்லாமல், இறந்தவரின் பெற்றோரும் இல்லாமல் இருந்தால் 1958 பகிர்வுச் சட்டப்படி துணைவருக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. சொத்து இன்னும் பிரிக்கப்படாமல் நிர்வாகியின் பொறுப்பிலேயே இருந்தால் அந்த வாடகைக்கு டிபி (TP) படிவம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாடகை வராத மாதங்களையும் காரணத்தோடு எழுதுங்கள். 2024 ஆகஸ்ட் 23 அன்று மஸ்ஜித் இந்தியா சாலையில் நிலம் உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி விழுந்து மறைந்ததை யாரும் மறக்கவில்லை. தேடுதல் நடந்த நாட்களில் சாலையை அடைத்தார்கள், கடைகளுக்கு ஆள் வரவில்லை. வாடகையைக் குறைத்த நல்ல மனிதர்கள் இருந்தார்கள். எவ்வளவு குறைத்தார்கள், எத்தனை மாதத்துக்கு, அது விட்டுக்கொடுத்ததா அல்லது பின்னால் தர வேண்டியதா என்று எழுதி வைத்தவர்கள் குறைவு. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, சிறு நடுத்தர வியாபாரிகளுக்கு வாடகையில் 30 விழுக்காடாவது குறைத்த கடை உரிமையாளர்களுக்கு, ஏப்ரல் முதல் அரசாங்கம் வரியில் தனிக் கழிவு கொடுத்தது. குறைத்ததைக் காகிதத்தில் காட்ட முடிந்தவர்கள்தான் அதைக் கேட்க முடிந்தது. மென்பொருளில் முதல் தேதியன்று "வரவேண்டிய வாடகை" தானாக ஏறும்படி அமைத்துவிட்டால், வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று மூன்றும் தனித்தனியாக நிற்கும்.

முத்திரை வரியிலும் மாற்றம் வந்திருக்கிறது. ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரியோடு போய்விட்டது. 1,800 வெள்ளி வாடகைக்கு இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 21,600. ஒவ்வொரு 250க்கும் 3 வெள்ளி வீதம் 261 வெள்ளி. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்ட வேண்டும். 2026 முதல் வாடகை ஒப்பந்தங்களுக்குச் சுயமதிப்பீடு, அதாவது எவ்வளவு வரி என்று கணக்கிடும் பொறுப்பும் நம்முடையது. ஒப்பந்தம் எழுதாமல் வாய்ச்சொல்லில் விட்டிருக்கும் நண்பர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடைகளில் தரும் வெப்பத்தாள் ரசீது சீக்கிரமே மங்கிப்போகும். வாங்கிய அன்றே படம் எடுத்து, க்னூகேஷில் அந்தப் பதிவோடு இணைத்துவிடுங்கள், அதற்கு வசதி இருக்கிறது. ரொக்கமாக வாடகை வாங்கினால் ரசீது எழுதிக் கொடுங்கள், அடிக்கட்டை உங்களிடம் இருக்கட்டும். கோப்பின் நகல் ஒன்றைப் பென்டிரைவிலும் ஒன்றை இணையச் சேமிப்பிலும் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் உட்கார்ந்து இரண்டு எண்களை மட்டும் எடுங்கள்: உங்கள் கையில் இருக்கும் வாடகைக்காரர் டெபாசிட் மொத்தம் எவ்வளவு, போன வருடம் கட்டிய தவணையில் வட்டி எவ்வளவு. இரண்டையும் க்னூகேஷில் முதல் பதிவாகப் போடுங்கள். எங்காவது தடுமாறினால் கீழே கருத்தில் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.